நடை மீண்டால் போதுமா? தலைக்காய மறுவாழ்வில் ஓட்டத்தின் இடம்

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையின் இரு கட்டங்களும் சேரும் இடம் நெமிலிச்சேரி. சென்னை–அரக்கோணம் தடத்தில் அதற்கொரு புறநகர் ரயில் நிலையமும் உண்டு. இங்கிருந்து ஆவடிக்கோ அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ வேலைக்குப் போகிறவருக்கு ஓட்டம் வெறும் விளையாட்டன்று. மின்சார ரயிலைப் பிடிக்கவும், திடீரெனத் திரும்பும் வண்டிக்கு விலகவும் அது வேண்டும். ஆனால் தலைக்காயத்திலிருந்து மீள்பவரைப் பற்றி ஊரும் உறவும் கேட்பது ‘நடக்கிறாரா?’ என்பது மட்டுமே. ‘ஆம்’ என்ற பதிலோடு சிகிச்சையும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நடையை மறுவாழ்வின் எல்லையாகக் கொள்வது பிழை. ஓட்டமே அதன் இலக்காக வேண்டும் என்று வாதிடுகிறேன்.

ஓட்டம் என்பது வேகமான நடை அன்று. ஒவ்வோர் எட்டிலும் இரு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழுகின்றன. கெண்டைக்கால் உந்தலும் ஒற்றைக் காலில் இறங்கும் சமநிலையும் அதற்குத் தேவை. நன்றாக நடப்பவரிடம்கூட இவை குறைந்திருக்கலாம். நடையளவிலேயே முழு மதிப்பெண் தந்துவிடும் பழைய அளவைகளின் போதாமையை உணர்ந்துதான், ஆஸ்திரேலியாவின் கேவின் வில்லியம்ஸ் குழுவினர் 2005-இல் ‘ஹைமேட்’ என்ற அளவையை வெளியிட்டனர். ஓடுதல், நொண்டியடித்தல், குதித்தல், படியேறுதல் உட்பட 13 செயல்கள். மொத்தம் 54 மதிப்பெண். ‘அசையாமல் படுத்திருந்தால்தான் மூளை ஆறும்’ என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோவில் ஜான் லெடி குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டில் மூளையதிர்ச்சி கண்ட 103 வளரிளம் பருவத்தினர் பங்கேற்றனர். அறிகுறி கூடாத அளவில் ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் குணமடைந்த இடைநிலைக் காலம் 13 நாள். தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள்.

லேசான அதிர்ச்சிக்குக் கண்ட முடிவைப் பலத்த காயத்துக்கு எப்படி நீட்டுவது? இந்த ஆட்சேபம் நியாயமானது. நாள்கணக்கை நீட்ட முடியாது. அறிகுறியைக் கவனித்து அளவைக் கூட்டும் முறையை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். வலிப்பு வருபவரும், அறுவையில் எடுத்த மண்டையோட்டு எலும்பு திரும்பப் பொருத்தப்படாதவரும் நரம்பியல் அறுவை மருத்துவரின் அனுமதியின்றி ஓடவே கூடாது. இன்னொரு முறை விழுந்து தலையில் அடிபடுவது பேராபத்து. மற்றவர்களும் தொடங்க வேண்டிய இடம் வெளிவட்டச் சாலையின் ஓரமன்று. துணையோடு, சமதளமான மைதானத்தில். இன்னோர் ஆட்சேபம்: நடைப் பயிற்சியே கிட்டாத ஏழைக்கு ஓட்டம் ஆடம்பரமல்லவா? கூலி வேலைக்குத் திரும்ப வேண்டிய அவருக்குத்தான் அது மிகவும் தேவை. ஹைமேட் அளவைக்கு வேண்டியவையும் 20 மீட்டர் தளம், ஒரு படிக்கட்டு, நிறுத்துக்கடிகாரம், அளவு நாடா, தாண்டிப்போக ஒரு செங்கல், இவ்வளவே. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கியது. அதே ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அச்சிகிச்சையாளரின் பதிவேட்டில், தலைக்காயம் பட்ட ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ‘ஓட முடிகிறதா?’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும்.