குடும்பப் பெயரும் அம்மம்மாவின் உறுதியும்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, உறுப்பினர் விபரங்களைப் புதுப்பிக்கும் படிவம் எனக்கும் வந்து சேர்ந்தது. ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். ‘திருமணத்துக்கு முன்னைய குடும்பப் பெயர்’ என்று இன்னொரு கட்டம். முதலாவதில் என் கணவரின் பெயரையும் இரண்டாவதில் என் தந்தையாரின் பெயரையும் எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள், “அம்மா, இது ரெண்டும் ஆக்களின்ர பேர். குடும்பத்தின்ர பேர் எங்க?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. வைத்தியராக நாள்தோறும் நோயாளிகளிடம் குடும்ப வரலாறு கேட்பவள் நான். தாயின் தாய்க்கு என்ன வருத்தம், அவருடைய சகோதரிகளுக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். சிலருக்கு அவர்களின் பெயரே தெரியாது. என் வீட்டிலும் நிலைமை அதுதான் என்று அன்று விளங்கியது. அதன்பின் கிடைத்த விடுமுறைகளில் எங்கள் குடும்பப் பெயரைப் பழைய பதிவுகளில் தேடினேன். தேடியது கிடைக்கவில்லை, தேடாத ஒன்று கிடைத்தது. எம் சகோதரிகளுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தலைமுறைக்கு ஒரு பெயர்

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலானவற்றுக்கு வழிவழியாக வரும் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னே முதலெழுத்தாக நிற்கும். அந்தப் பிள்ளை தகப்பனானதும் பழைய எழுத்துக் கழன்று புதிய எழுத்து வந்துவிடும். அப்பப்பாவின் பெயர் அப்பாவுக்கு முதலெழுத்து. அப்பாவின் பெயர் எனக்கு. என் கணவரின் பெயர் என் பிள்ளைகளுக்கு.

வெளிநாடு சென்றவர்களுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்தது குடிவரவுப் படிவத்தில் இருந்த கட்டம்தான். என் அப்பாவின் சகோதரர் ஒருவர் அந்தக் கட்டத்தில் தன் தகப்பனாரின் பெயரை எழுதினார். அது அவருடைய பேரப்பிள்ளைகள் வரை நிலைத்துவிட்டது. இன்னொருவர் தன் சொந்தப் பெயரை எழுதினார். அதுவும் அப்படியே நிலைத்தது. ஒரு முற்றத்தில் விளையாடிய சகோதரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு வாழ்கிறார்கள்.

எழுத்துக்கூட்டும் ஆளைக் குழப்பும். கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘கே’யில் தொடங்கியவரும் உண்டு, ‘சி’யில் தொடங்கியவரும் உண்டு. ஞானம் என்பதை ‘ஜி’யிலும் தேடவேண்டும், ‘என்’னிலும் தேடவேண்டும். பழைய பதிவுகளில் வகரத்துக்கு ‘டபிள்யூ’ எழுதும் வழக்கமும் இருந்தது. எழுதியவர் காதில் விழுந்ததே பதிவேட்டில் பெயராயிற்று.

கப்பலில் வந்த பெயர்கள்

இதற்கு விதிவிலக்கான குடும்பங்களும் எம்மிடையே உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் ஆரம்பமாயின. பிள்ளைகளின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளிகள் விரும்பிய பெயர்கள் இங்குள்ள மாணவர்களுக்கு வைக்கப்பட்டன. நெவின்ஸ், ஆர்ணல்ட், கறல், கிங்ஸ்பரி முதலிய பெயர்கள் எம் ஊர்ப் பெயர்களோடு சேர்ந்தது மிஷன் தொடர்பால்தான். ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற நூலை 1886இல் வெளியிட்டவர் ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் நெவின்ஸ் செல்வத்துரை. பெயர் எங்கிருந்து வந்தாலும் ஆள் எம்மவரே.

இவற்றில் கிங்ஸ்பரி என்ற பெயரின் போக்கு என்னைக் கவர்ந்தது. ‘கலித்தொகை’யை 1887இல் அச்சில் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் சி. வை. என்றே அறியும். சி என்பது சிறுப்பிட்டி, அவருடைய ஊர். வை என்பது வைரவநாதர், அவருடைய தகப்பனார். அந்த இரண்டு எழுத்துகளில் கிங்ஸ்பரிக்கு இடமில்லை. அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவ குருவாகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரால் அறியப்பட்டார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். தந்தையின் பெயரையும் மகனின் பெயரையும் மட்டும் வைத்துத் தேடுபவர் இவர்களை ஒரு குடும்பத்தவர் என்று கண்டுபிடிக்கமாட்டார். பெயர் மாறினால் உறவு அறுந்ததாகாது. பெயர் ஒன்றானால் உறவு உண்டென்றும் ஆகாது. குடும்பப் பெயரைத் தேடுபவர் முதலில் படிக்கவேண்டிய பாடம் இது.

கேட்கப்படாத பெயர்கள்

என் குடும்பத்துக்கு அப்படியொரு மிஷன் பெயரும் இல்லை. ஆகவே பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களிலிருந்து தொடங்கினேன். எம் வயதினர் வைத்திருக்கும் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர் உண்டு, தாய் பெயர் உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று கேட்கும் கூடும் உண்டு. தகப்பன் வெளிநாட்டில் பிறந்திருந்தால் பூட்டனைப் பற்றியும் கேட்கும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைத் தகப்பன் வழியாகக் கணக்கிட்டதன் தடயம் அது. பாட்டியைப் பற்றி அங்கே ஒரு கேள்வியும் இல்லை.

அதற்கும் முந்திய காலத்துக்குப் போனால் ஒல்லாந்தர் வைத்த தோம்புகள் வருகின்றன. வரியும் ஊழியமும் பெறுவதற்காகக் காணிகளையும் குடிகளையும் எழுதிவைத்த பதிவேடுகள் அவை. தோம்பு என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. இன்றும் காணிப் பதிவகத்தில் பழைய பதிவைப் பார்ப்பதை எங்கள் ஊரில் ‘தோம்பு பார்த்தல்’ என்றுதான் சொல்வார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் இலங்கைப் பதிவுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பல நாடுகளில் உள்ள அந்தக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அக்காலப் பெயர்களைப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். உத்தியோகத்துக்காகவும் உரிமைகளுக்காகவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பலர்; ‘தொன்’ என்ற போர்த்துக்கேய அடைமொழியோடு ஒரு பெயர் பதிவேட்டில், வேறு பெயர் வீட்டில்.

ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பெற்றோர் 2 பேர், அவர்களின் பெற்றோர் 4, அதற்கு மேல் 8, அதற்கும் மேல் 16. அந்த 16 பேரில் குடும்பப் பெயர் வழிகாட்டுவது ஒருவருக்கு மட்டும்தான், அவரும் ஆண். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு மாற்றம் தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். பெயருக்கு ஒரு வழிதான் தெரியும். நான் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விக்குக் குடும்பப் பெயர் உதவாது என்பது அப்போதுதான் மனதில் உறைத்தது.

உறுதிப் பை

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களில் நாங்களும் இருந்தோம். நான் அப்போது மாணவி. செம்மணி வீதியில் மழையில் அடி அடியாக நகர்ந்தபோது அம்மா எதை விட்டாலும் ஒரு பையை விடவில்லை. அதில் நகையும் எங்கள் சேர்டிபிக்கற்றுகளும் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதிகளும் இருந்தன. நடந்துகொண்டிருந்த எனக்கு அது வெறும் சுமையாகத்தான் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் அந்தப் பொலித்தீனைப் பிரித்தேன்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஏன் பெண்களைப் பற்றிப் பேசுகிறது என்று விளங்கத் தேசவழமையைப் பார்க்கவேண்டும். ஒல்லாந்த ஆளுநரின் பணிப்பின் பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்தார். தமிழ் மொழிபெயர்ப்பை 12 முதலியார்கள் பார்வையிட்டபின் 1707இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றனர். பண்டைய வழக்கில் தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் அது மாறத் தொடங்கியது என்றும் அந்தத் தொகுப்பே கூறுகிறது. மாறிய பின்னும் தாயின் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதும் பழக்கம் தொடர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றங்களை நொத்தாரிசு முன்னிலையில் எழுதவேண்டும் என்று விதித்தபின் அந்தப் பழக்கம் தாளில் பதிந்தது.

பெண்ணுக்கு முழுச் சுதந்திரம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது தேசவழமையில் இருந்தது. சீதனத்தால் அழிந்த வீடுகளையும் நாம் அறிவோம். ஆனாலும் காணி அவள் பெயரில் இருந்ததால், அவள் பெயரை எழுதாமல் விட முடியவில்லை.

அம்மாவின் சீதன உறுதி தொடங்குவதே அவருக்கு அது எப்படி வந்தது என்பதில்தான். காணியைக் கொடுக்கும் அம்மம்மாவுக்கு அது எந்த உறுதியால் கிடைத்தது, அதன் இலக்கம் என்ன, திகதி என்ன, எழுதிய நொத்தாரிசு யார் என்று அதில் இருந்தது. அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அம்மம்மாவின் உறுதிக்குப் போனேன். அதிலே அவருடைய தாயாரின் உறுதி இலக்கம். காணியின் பெயர் மாறவில்லை. இத்தனை பரப்பு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்ற வரிகளும் மாறவில்லை. நடுவில் ஓர் உறுதி தொலைந்திருந்தது. அந்த இடைவெளியைக் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்த்து நிரப்பினேன்.

எல்லைகளும் உறவு சொல்லின. வடக்கு எல்லை இன்னாரின் மனைவி இன்னாருக்குரிய காணி, கிழக்கு எல்லை இன்னொரு பெண்ணுக்குரிய காணி என்று எழுதியிருந்தது. ஒரு தாயின் காணியை மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்தால் எல்லையில் நிற்பவர்கள் சகோதரிகள்தானே! அம்மம்மாவின் தாயாருக்கு இரண்டு சகோதரிகள் இருந்தார்கள் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. வேலிக்கு அப்பால் அவர்கள் இருந்தார்கள்.

என்னை அதிகம் பாதித்தவை உறுதிகளின் அடியில் இருந்த ஒப்பங்கள். அம்மம்மாவின் தாயாருக்குக் காணி எழுதிக் கொடுத்த அவருடைய தாயார் கைநாட்டு வைத்திருந்தார். அடுத்த உறுதியில் அம்மம்மாவின் தாயார் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதியிருந்தார். அதற்கடுத்த உறுதியில் அம்மம்மாவின் கையொப்பம் ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில், தயக்கமில்லாமல் ஓடியது. அந்த எழுத்தை எனக்கு முன்பே தெரியும். எமது கல்லூரியின் பழைய மாணவியரிடம் காணப்படும் அதே கையெழுத்து. அம்மம்மா இங்கேதான் படித்தார்.

எமது பட்டியலில்

பின்னர் சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல்களில் அம்மம்மாவைத் தேடினேன். அவருடைய பெயர் அங்கே இல்லை. நெடுநேரத்துக்குப் பின்னர்தான் கண்டேன்: ‘திருமதி’ என்ற சொல்லும் அதை அடுத்து என் அம்மப்பாவின் பெயரும். அந்த வரியில் இருந்தவர் அம்மம்மாதான். அவருக்கு மேலும் கீழும் அப்படியே கணவர்மாரின் பெயர்கள். அக்கால மரியாதை அது. எவரையும் குறைகூற நான் எழுதவில்லை. ஆனால் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுக்க எழுந்த கல்லூரியின் பழைய மாணவிகள் பட்டியலிலேயே, அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காணி உறுதி தேவைப்பட்டது.

எம்மில் பலர் இன்று காணி இல்லாத நாடுகளில் வாழ்கிறோம். எம் மகள்மாருக்கு எழுதிக் கொடுக்க உறுதி இராது. எல்லையில் சகோதரிகளின் பெயர்களும் இரா. ஆகவே எங்கள் பெயர்களை வேறெங்காவது எழுதி வைக்கவேண்டும். உங்களிடம் பழைய உறுதிகள் இருந்தால், காணி போய்விட்டாலும் அவற்றை எறிந்துவிடாதீர்கள். இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். வீட்டில் மூத்த பெண்கள் இருந்தால் அவர்களின் தாயாரின் பெயரைக் கேளுங்கள். கூப்பிடு பெயரோடு எழுத்துப் பெயரையும் கேளுங்கள். நாகமுத்துவும் சின்னாச்சியும் ஊருக்குப் பத்துப் பேர் என்பதால் ஊரையும் காணிப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சங்கத்தின் படிவத்தில் உங்கள் பெயரை முழுமையாக எழுதுங்கள். தாய், பாட்டி ஆகியோரும் இங்கே படித்தவர்களானால் அவர்களின் சொந்தப் பெயர்களையும் எழுதுங்கள்.

நான் நிரப்பிய படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டங்கள் முன்பு எழுதியபடியே இருக்கின்றன. அவற்றில் எழுத வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் என் பெயர், அம்மாவின் பெயர், அம்மம்மாவின் பெயர், அவருடைய தாயார், அவருக்கும் தாயார் என்று ஐந்து பெயர்களை வரிசையாக எழுதினேன். ஆறாவதாகத் தன் பெயரை மகள் தானே எழுதினாள்.