பசையில் தொடங்கிய அறுவை

மூக்கோரம், இமை, காது மடல் போன்ற இடங்களில் வரும் தோல் புற்றுநோய்க்கு 'மோஸ் சர்ஜரி' என்று ஒன்று செய்கிறார்கள். முப்பது வருடம் ஆய்வகத்தில் திசு சீவியவன் என்பதால், இதன் கதையில் எனக்குத் தனி ஆர்வம்.

பிரெடெரிக் மோஸ் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர். 1930-களில் எலிகளின் கட்டிகளில் ரசாயனங்களைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். துத்தநாகக் குளோரைடு பட்ட திசு செத்துப்போனாலும் அதன் அமைப்பு குலையாமல் இருந்தது. நாங்கள் பார்மலினில் ஊறவைத்துச் செய்யும் வேலையை இது உடம்பிலேயே செய்துவிட்டது! அப்படியென்றால், வெட்டியதை உடனே மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

1936-ல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். பசையைத் தடவிக் கட்டுப்போடுவார். மறுநாள் ஒரு படலம் சீவுவார். எந்தத் துண்டு எந்தப் பக்கத்தது என்று படம் வரைந்து வைத்துக்கொண்டு, தானே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். புற்று மிச்சமிருக்கும் மூலையில் மட்டும் மறுபடி பசை. இப்படியே நாள்கணக்கில் போகும். பசையின் எரிச்சல் சாதாரணமானதல்ல. அந்த நோயாளிகளின் பொறுமையைத்தான் நான் மெச்சுவேன்.

வழக்கமாக நாங்கள் திசுவை ரொட்டித் துண்டு போடுவதுபோல் குறுக்கே வெட்டி, சில துண்டுகளைத்தான் பார்ப்போம். மொத்த ஓரத்தில் கண்ணில் படுவது 1 சதவீதம்கூட இராது. மோஸ் தட்டுப்போல் சீவியதைப் பரத்தி, அடியும் ஓரமும் ஒரே தளத்தில் வரும்படி வெட்டினார். ஓரம் முழுவதும் தெரிந்தது. நோயில்லாத சதையும் வீணாகவில்லை. இமையில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயமல்லவா?

1953-ல் ஓர் இமை அறுவையைப் படம் பிடித்தார்கள். நேரத்தை மிச்சப்படுத்த, பசையில்லாமல் மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி, திசுவை உறையவைத்துப் பார்த்தார் மோஸ். பலித்தது. ஆனாலும் பசை உடனே ஒழியவில்லை. டிரோமோவிச் என்ற தோல் மருத்துவர் 1970-ல் பசையில்லாமல் செய்த தன் அறுவைகளை எடுத்துச் சொன்ன பிறகே மற்றவர்களும் மாறினார்கள். நாள்கணக்கு மணிக்கணக்காயிற்று.

மருத்துவர்கள் கைவிட்ட துத்தநாகக் குளோரைடு இன்று 'கறுப்புக் களிம்பு' என்ற பெயரில் இணையத்தில் விற்கிறது. கட்டி உதிர்ந்து மேலே தழும்பு விழும். அடியில் வேர் மிச்சமிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.