பன்னிரண்டு கோபக்காரர்களும் தூங்கிக் கிடந்த ஒரு சட்டமும்



போன ஞாயிறு நம் குடும்பக் குழுவில் 'பல்லாண்டு வாழ்க' படத்தைப் பற்றிப் பேச்சு ஓடியது. 1975இல் வந்த படம். ஜெயிலராக எம்.ஜி.ஆர்., கைதிகளாக நம்பியார், வீரப்பா, மனோகர் என்று தமிழ் சினிமாவின் வில்லன்கள் வரிசையாக வருவார்கள். 1957இல் சாந்தாராம் எடுத்த 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் உண்மையான ஒரு சிறை இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது.

இன்றைய மகாராஷ்டிரத்தில் ஔந்த் என்றொரு சிறிய சமஸ்தானம் இருந்தது. அங்கே மதில் இல்லாத ஒரு சிறையை அமைத்து, ஸ்வதந்திரபூர் என்று பெயர் வைத்தார்கள். அந்த யோசனை மாரிஸ் ஃப்ரீட்மன் என்ற போலந்து நாட்டுப் பொறியாளருடையது. (திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்து போன அதே ஃப்ரீட்மன்தான்.) கைதிகள் அங்கே நிலத்தில் பாடுபட்டார்கள். சாந்தாராமுக்குக் கதை எழுதிய மாட்குல்கரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

நல்ல படம், மறுப்பில்லை. ஆனால் தலைப்பைக் கவனியுங்கள்: இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள். கண்கள் ஜெயிலருடையவை, கைகள் ஆறு கைதிகளுடையவை. வாயைப் பற்றிப் பேச்சே இல்லை. கைதி திருந்துகிறானா இல்லையா என்பதை நாம் ஜெயிலரின் கண்ணால்தான் பார்க்கிறோம்.

அதே 1957இல் அமெரிக்காவில் சிட்னி லூமெட் இயக்கிய 'பன்னிரண்டு கோபக்காரர்கள்' வந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனின் உயிர், அறைக்குள் பூட்டப்பட்ட பன்னிரண்டு ஜூரிகளின் கையில். அந்தப் பையன் சில நொடிகள் மட்டும் தெரிவான், ஒரு வார்த்தை பேசமாட்டான். பெர்லின் விழாவில் அந்த ஆண்டு தங்கக் கரடி இந்தப் படத்துக்கு, மறு ஆண்டு வெள்ளிக் கரடி சாந்தாராமுக்கு. கைதியைப் பற்றி இரண்டு அருமையான படங்கள். இரண்டிலும் பேசியவர்கள் மற்றவர்கள்.

இனி லெபனானுக்கு வாருங்கள். தலைநகர் பெய்ரூத்துக்கு வடகிழக்கே மலைச்சரிவில் ரூமியே என்ற பெரிய சிறை இருக்கிறது. கட்டியபோது கணக்கிட்டதைவிடப் பல மடங்கு ஆட்களை அடைத்து வைத்திருக்கும் இடம். ஸீனா தக்காஷ் என்ற பெண் அதற்குள் போனார். அவர் நடிகை, நாடகத்தையே சிகிச்சையாகப் பயன்படுத்தப் பயின்றவர். 45 கைதிகளைச் சேர்த்துக்கொண்டு 15 மாதம் பயிற்சி கொடுத்தார். கொலை, போதைப்பொருள், பாலியல் குற்றம் என்று பல வகைக் குற்றங்களுக்காக உள்ளே வந்தவர்கள் அவர்கள். சிலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. வசனத்தைக் காதால் கேட்டுத்தான் மனப்பாடம் செய்தாக வேண்டும். (வாய்ப்பாட்டை அப்படிக் கற்றவர்கள் என் வகுப்பிலும் உண்டு.)

அவர் தேர்ந்தெடுத்த நாடகம் எது தெரியுமா? அதே பன்னிரண்டு கோபக்காரர்கள். லெபனானில் ஜூரி முறையே கிடையாது. அப்படியிருந்தும், தீர்ப்பு வாங்கியவர்களைத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தார். 'இவன் குற்றவாளிதான், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்' என்று அவசரப்படும் ஜூரியின் வேடத்தை ஒரு கைதி போடும்போது அவன் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும்! நாடகத்தின் நடுவே கைதிகள் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள், பாடினார்கள், ஆடினார்கள். 2009இல் சிறைக்குள்ளேயே மேடையேறியது. வெளியிலிருந்து பொதுமக்களும் அரசு அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள்.

அந்தப் பயிற்சியையும் நாடகத்தையும் ஸீனா ஆவணப்படமாக்கினார். 'பன்னிரண்டு கோபக்கார லெபனானியர்கள்' என்று பெயர். அந்த ஆண்டே துபாய் பட விழாவில் பரிசு பெற்றது. பரிசை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு. நன்னடத்தையுள்ள கைதிகளின் தண்டனையைக் குறைக்க வழிசெய்யும் 463ஆம் எண் சட்டம் லெபனானில் 2002இலேயே நிறைவேறியிருந்தது. ஏழு ஆண்டுகளாக அது காகிதத்திலேயே கிடந்தது. மேடையேறிய கைதிகள் அதைக் கேட்டார்கள். சட்டம் இயற்றிய நாட்டின் அதிகாரிகளே எதிரில் உட்கார்ந்திருக்க, அதனால் பயன்பெற வேண்டியவர்களே கேட்டார்கள். நாடகம் நடந்த அதே 2009இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மனு எழுதிப் போட்டு நடக்காத காரியம் இது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஓய்வூதியக் கோப்பை நகர்த்தியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

'கொலைகாரனுக்கு மேடையா, செத்தவன் குடும்பத்துக்கு என்ன பதில்?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் பறித்தது அவனுடைய சுதந்திரத்தை. பேசக்கூடாது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் குரலுக்கு இது மாற்றும் இல்லை. அதையும் கேட்க வேண்டும், இதையும் கேட்க வேண்டும்.

மூன்று ஆண்டு கழித்து பெர்லின் தங்கக் கரடி மறுபடியும் ஒரு சிறைப் படத்துக்குப் போனது. இத்தாலியின் தவியானி சகோதரர்கள் எடுத்த 'சீசர் சாக வேண்டும்'. ரோம் நகரின் ரெபிபியா சிறையில் கைதிகள் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை ஒத்திகை பார்ப்பதுதான் படம். நேப்பிள்ஸ்காரர், சிசிலிக்காரர் என்று ஒவ்வொருவரும் சொந்த ஊர்ப் பேச்சிலேயே வசனம் சொல்கிறார்கள். காசியஸாக நடித்தவர் ஆயுள் கைதி. நடிகர் தேர்வில் ஒவ்வொருவரும் பெயர், ஊர், தகப்பன் பெயர் சொல்ல வேண்டும். முதலில் மனைவியைப் பிரியும் அழுகையோடு, பிறகு கோபத்தோடு. வேண்டுமானால் பொய்ப் பெயர் சொல்லலாம் என்றார்கள் இயக்குநர்கள். கைதிகள் சொந்தப் பெயரையே சொன்னார்கள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஸீனா ரூமியே சிறையை விட்டுவிடவில்லை. மனநலம் பாதிக்கப்பட்ட கைதிகள் அங்கே தனிக் கட்டடத்தில் இருந்தார்கள். 'குணமாகும் வரை' அடைத்து வைக்க வேண்டும் என்பது 1940களின் சட்டம். அதில் அவர்களைக் குறிக்கும் சொற்களே பைத்தியம், பேய் பிடித்தவன் என்கிற ரகம். குணமாகாதவன் சாகும்வரை உள்ளேதான். 2016இல் அவர்களுக்காக 'ஜோஹர்' என்ற நாடகம் உருவானது. தங்கள் கதையைச் சொல்ல முடியாத அவர்களுக்காக மற்றக் கைதிகள் மேடையேறி அவர்கள் கதையைச் சொன்னார்கள். பழைய சட்டத்தை மாற்றுவதற்கான முன்வரைவு ஒன்றும் அந்த முயற்சியின் பேரில் நாடாளுமன்றத்துக்குப் போனது.