குதிரை ஏறினவனும் மண் வனைந்தவனும்

கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியது இராசேந்திரன் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அதே அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஊர் எல்லையில் நிற்கிற மண்குதிரையைச் செஞ்சது யாரு? கேட்டால், 'வேளார் செஞ்சது' என்பார்கள். அது சாதியின் பெயர், ஆளின் பெயர் அல்ல.

ஆளுயரக் குதிரை சக்கரத்தில் முழுசாக வராது. கையால்தான் எழுப்பணும். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். முதலில் நாலு கால். அது இறுகின பிறகு வயிறு, கழுத்து, தலை. உள்ளே கூடு. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் பிளந்துபோகும். காயவைத்து, வைக்கோலும் வறட்டியும் விறகும் மூட்டிச் சுட்டு, சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டுவார்கள். கடைசியில் கண் திறந்தால்தான் மண் சாமியாகும்.

அந்தச் சாமிகளில் நம்மாட்களும் உண்டு. மதுரைவீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைக் கூட்டிப்போனவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் ஆரியமாலாவை விரும்பிக் கழுவேறினவன். கதைகள் இப்படித்தான் சொல்கின்றன. உயிரோடு இருக்கிறவன் மீசை முறுக்கக் கூடாது, ஊர்த்தெருவில் செருப்புப் போடக் கூடாது என்ற சமூகம், செத்தவனுக்கு மீசையும் கத்தியும் குதிரையும் கொடுத்து வாசலில் காவலுக்கு நிறுத்தியது. கொன்றுவிட்டுக் கும்பிட்டது. அந்த மீசையை மண்ணில் முறுக்கிவிட்ட கை வேளாருடையது. அவர் சேரிக்காரர் அல்ல. பல ஊர்களில் பூசாரியும் அவர்தான். ஆனாலும் அவர் கைக்கு வரலாறு இல்லை.

பிறகு சிமெண்ட் வந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை நம்பி ஆலைகள் எழுந்தன. 1979இல் அரசு ஆலையும் வந்தது. மண்சாமி சிதைந்தால் புதுசு வனையணும், வேளாருக்கு வேலை உண்டு. சிமெண்ட் சாமிக்குப் பெயிண்ட் அடித்தால் போதும். 2021 அக்டோபரில் சிறுவாச்சூர் பெரியசாமி மலைக்கோயிலில் சாமி சிலைகள் உடைக்கப்பட்டன. அவற்றைச் செஞ்ச கைகளும் பெயரில்லாதவைதான்.

மண்ணில் கை வைத்தவனுக்குப் பெயர் கிடைக்காது என்றில்லை. புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1988இல் கொழும்பில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன், கையால் வனைந்து வண்ணம் பூசுகிற உருவங்கள் அந்நாட்டுக் கலைக்கூடங்களில் அவர் பெயரோடு நிற்கின்றன. நம்ம ஊர் எல்லையில் நிற்பதும் அதே மண், அதே கைவேலைதான். ஊரில் செஞ்சால் குலத்தொழில், கூடத்தில் வைத்தால் கலை என்று பிரித்தது யார்?

கிழவர்கள் இருக்கும்போதே ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதணும். இந்தக் குதிரையை வனைந்தவர் பேர் என்ன? மதுரைவீரனுக்குக் கண் திறந்தவர் யார்? கண் திறந்த அன்றைக்கு நம்ம சனங்களை எந்த இடத்தில் நிறுத்தி வைத்தார்கள்? மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் அது கலை வரலாறு.