வீட்டு இணையப் பாதுகாப்புச் சோதனைக்கூடம்

வீட்டு இணையப் பாதுகாப்புச் சோதனைக்கூடம் என்பது கணினி ஊடுருவலையும் தற்காப்பையும் பழக ஒருவர் தம் வீட்டில் அமைத்துக்கொள்ளும் தனி வலையமைப்பு. 'ஹோம் லேப்' என்பது புழக்கப் பெயர். மோசடி நோக்கில் பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தால், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சொந்தக் கணினியில் பழகுவோருக்கு அந்த அச்சமில்லை.

அமைப்பு

16 ஜிபி ராம் உள்ள பழைய கணினி ஒன்றே தொடங்கப் போதும். அதற்குள் மெய்நிகர் கணினிகள் சிலவற்றை இயக்கலாம். அதற்கான மென்பொருள்களில் விர்ச்சுவல்பாக்ஸ், இருக்கும் இயங்குதளத்தின் மேலேயே ஓடும். ப்ராக்ஸ்மாக்ஸ் கணினி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தாக்கும் பக்கத்துக்கு 2013-இல் வெளிவந்த காலி லினக்ஸ் பரவலாகப் பயன்படுகிறது. இலக்காக நிறுத்த, வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 கிடைக்கிறது.

தனிமைப்படுத்தல்

கூடத்தின் உயிர்நாடி தனிமைப்படுத்தலே. ஓட்டை நிறைந்த இலக்கை வீட்டு ரூட்டரோடு இணைத்தால், குடும்பத்தார் கைபேசிகளும் கேமராக்களும் ஆபத்துக்கு உள்ளாகும். எனவே இலக்கைக் கணினிக்கு வெளியே செல்லாத 'ஹோஸ்ட் ஒன்லி' வலையமைப்பில் மட்டும் வைக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் அதன் முகவரிகள் வழக்கமாக 192.168.56 என்று தொடங்கும். இலக்கிலிருந்து இணையத்திலுள்ள 8.8.8.8 முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் கதவு திறந்திருக்கிறது. அதை அடைத்த பிறகே பயிற்சி.

பயிற்சி

பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2011-இல் வி.எஸ்.எஃப்.டி.பி.டி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் தரவிறக்கப் பொதியில் யாரோ பின்கதவு ஒன்றை வைத்துவிட்டனர். பயனர் பெயரில் :) என்ற சிரிப்புக் குறி வந்தால், 6200-ஆம் போர்ட் முழு அதிகாரத்தோடு திறந்துகொள்ளும். அந்தப் பதிப்பு மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளில் இருக்கிறது. பழகுபவர் என்மேப் என்ற வலையமைப்பு ஆய்வுக் கருவி கொண்டு பதிப்பு எண்ணைக் கண்டறிந்து உள்ளே நுழைகிறார். பிறகு முன்பே சேமித்த ஸ்னாப்ஷாட்டால் இலக்கைப் பழைய நிலைக்குத் திருப்பி, அதே தாக்குதலை மீண்டும் நடத்தி, வலையமைப்புப் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் கவனிக்கிறார். பயனர் பெயரில் அந்தச் சிரிப்புக் குறி கடந்து போவதும், மறுகணமே 6200-க்கு இணைப்பு எழுவதும் பொதிகளில் அப்படியே தெரியும். அந்தத் தடத்தைத் தானாக அடையாளம் காணும் விதியொன்றை எழுதி முடிக்கும்போதுதான் பாடம் நிறைவடைகிறது. காவலுக்கு உதவாத ஊடுருவல் அறிவு பாதி அறிவே.