புயலுக்குப் பின் கரண்டு: இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும்

டெல்டாவின் கடலோரத்தில் இன்று வீடு கட்டுகிறவர் யாரும் இன்வெர்ட்டர் வைக்கலாமா என்று யோசிப்பதில்லை. ஒயரிங் போடும்போதே எலக்ட்ரீஷியன் அதற்குத் தனி லைன் இழுத்துவிடுகிறார். ஜெனரேட்டர் விஷயம் அப்படியில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, "ஒண்ணு வாங்கிப் போட்டுடணும்" என்று பேசாத வீடு அங்கே குறைவு. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். கயிற்றை இழுத்தால் இன்றைக்கும் ஓடும் நிலையில் அதை வைத்திருப்பவர்கள் அதிலும் கொஞ்சம். இரண்டையும் விலையை வைத்து ஒப்பிடுவது கடைக்காரர் வேலை. புயலை வைத்து ஒப்பிட்டால் கணக்கு வேறாகிறது.

இன்வெர்ட்டரைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது புயல் அல்ல, மின்வெட்டு. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம்கூடக் கரண்டு இருக்காது. ஆனால் அந்த வெட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும். வரும் நேரத்தில் பேட்டரி குடித்துக்கொள்ளும், போகும் நேரத்தில் கக்கும். கரண்டு எப்படியும் திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையின்மேல்தான் அந்தப் பெட்டியே நிற்கிறது. புயல் அடிக்கும் முதல் அடி அந்த நம்பிக்கையின்மேல்.

சராசரி வீட்டில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 1.8 யூனிட். முழுவதையும் உறிஞ்ச முடியாது. இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது சுமார் 1.3 யூனிட். 75 வாட் பழைய மின்விசிறி இரண்டும் 9 வாட் எல்இடி பல்பு மூன்றும் ஓடினால் ஏழு மணி நேரம் தாங்கும். விசிறிகளை 30 வாட் பிஎல்டிசி வகையாக மாற்றினால் அதே பேட்டரி பதினான்கு, பதினைந்து மணி நேரம் வரும். புயலுக்கென்று செலவழிக்க நினைப்பவர் முதலில் விசிறியை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். கடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

காற்று வலுக்கும்போதே மின்வாரியம் பாதுகாப்புக்காக சப்ளையை நிறுத்திவிடும். அறுந்த கம்பியில் கரண்டு இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது, சரியானதும்கூட. ஆனால் பேட்டரியின் கடிகாரம் அந்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓட்டுக்கூரை பறக்கும் சத்தத்தைக் கேட்டபடி விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருக்கும் இரவிலேயே அது பாதிக்குமேல் தீர்ந்துவிடும். விடிந்து வெளியே வந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மர் தரையில் கிடப்பதைப் பார்க்கும்போது வீட்டுக்குள் இருப்பது அறுபது கிலோவை ஒட்டிய ஒரு சுமை மட்டுமே. வற்றிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியே போனாலும் போகும்.

கஜாவில் அப்படித்தான் வாரக்கணக்கானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னைகள் லைன்மேலேயே சாய்ந்து கிடந்ததால், மரத்தை அறுத்து அகற்றாமல் கம்பம் நட முடியவில்லை. ஊழியர்கள் வெளிமாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து வயலுக்குள் சேற்றில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்தார்கள். கரண்டு நகரங்களுக்கு முதலில் வந்தது, கடைக்கோடி கிராமங்களுக்குக் கடைசியில்.

அந்த நாட்களில் மக்கள் தவித்தது வெளிச்சத்துக்காக அல்ல. மெழுகுவத்தியும் சிம்னி விளக்கும் போதும் என்று ஒரு நாளிலேயே பழகிவிட்டார்கள். தவிப்பெல்லாம் தண்ணீருக்கு. அடிபம்புகள் போய், வீட்டுக்கு வீடு போர் போட்டு மோட்டார் இறக்கிய பிறகு, கரண்டு இல்லையென்றால் தண்ணீர் இல்லை என்ற நிலைக்கு ஊர் வந்திருந்தது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் அதே கதி. டிராக்டரிலும் லோடு ஆட்டோவிலும் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். வாடகை நாளுக்கொரு விலையாக ஏறியது.

இன்வெர்ட்டரில் ஏன் மோட்டார் ஓடாது என்று கேட்பவர்கள் உண்டு. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது இழுப்பது 1,000 வாட்டுக்குச் சற்று மேல். கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு கேட்கும். வீட்டில் இருக்கும் 900 விஏ பெட்டி ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணைந்துவிடும். ஜெனரேட்டரிலும் சின்னது உதவாது. 2 கேவிஏ பெட்டி ஸ்டார்ட்டிலேயே திணறும். 1 ஹெச்பிக்கு 3 கேவிஏவுக்குக் குறையாமல் வேண்டும். கடையில் பல்பையும் விசிறியையும் ஓட்டிக் காட்டுவார்கள். வாங்குவதற்குமுன் வீட்டு மோட்டாரை ஒருமுறை அதில் கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும்.

செலவுப் பக்கம் ஜெனரேட்டருக்கு இரக்கமே கிடையாது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல லோடில் ஓடினால் யூனிட் ஐம்பது, அறுபது ரூபாயில் முடியும். ஒரு விசிறிக்கும் இரண்டு பல்புக்கும் மட்டும் ஓட்டினால் அதே யூனிட்டுக்கு 500 ரூபாய்வரை போகும், ஏனென்றால் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டரை ஒட்டிக் குடிக்கும். ஆகவே இரவெல்லாம் ஓட்டித் தூங்குவதற்கான சாமான் அல்ல அது. காலையில் இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டி மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், போன் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை, வீட்டில் இன்சுலின் இல்லையென்றால் காலி செய்து கதவைத் திறந்து போட்டுவிடலாம்.

அந்த மூன்று மணி நேரத்தில் இன்வெர்ட்டரையும் சார்ஜில் போட்டுக்கொள்ளலாம். இங்கே பலருக்கும் ஒரு தடங்கல் வருகிறது. ஜெனரேட்டர் ஓடும், இன்வெர்ட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் பேட்டரியிலேயே நிற்கும். பெட்டியின் பின்புறம் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும்: ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல். யுபிஎஸ் பக்கம் இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் ஏற்காது. சிறு ஜெனரேட்டரின் வோல்டேஜோ ஆடிக்கொண்டேதான் இருக்கும். நார்மலுக்குத் தள்ளினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். 15 ஆம்பியர் வீதம் மூன்று மணி நேரம் என்றால் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பிஎல்டிசி விசிறி இரண்டு, பல்பு ஒன்று, ஓர் இரவுக்கு மல்லுக்கட்டிப் போதும். இந்த இடத்தில் இரண்டும் போட்டியாளர்கள் இல்லை.

கஜாவுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கம் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தோப்பு வேலைக்கென்று வாங்கிய பழைய ஜெனரேட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. கொல்லையில் அதைக் கிளப்பிய கால்மணி நேரத்துக்குள் தெருவே திண்ணைக்கு வந்துவிட்டது. "அத்தாச்சி, மருமவன் துபாய்லேருந்து கூப்புடுவான், அஞ்சு நிமிசம் போட்டு எடுத்துக்கறேன்" என்று ஒரு அம்மா. டவரே பாதி நேரம் இல்லை என்பதை யாரும் சொல்லிக் கேட்பதாக இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்கிய போன்கள் மாறிப்போகாமல் இருக்க, சித்தி வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டினார். காசு கொடுத்தால் சித்தப்பா வாங்கவில்லை. அதைப் புரிந்துகொண்டு பைக் டேங்கிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். பங்கில் வரிசை நீண்டு, கேனில் ஊற்ற மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. தெருவில் நிற்கும் பைக்குகளே எரிபொருள் கிடங்கு என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

எதிர்வீட்டில் பேட்டரி இரண்டு வைத்த பெரிய இன்வெர்ட்டர். முதல் இரண்டு இரவும் அங்கே விசிறி ஓடியிருக்கிறது. சத்தம் இல்லாததால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அதில் போய்க் குடத்தை நிரப்ப முடியாது. இரண்டு சாதனங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் என்னைப் பொறுத்தவரை பெரியது இதுதான். இன்வெர்ட்டர் ஒரு வீட்டின் சௌகரியம். ஜெனரேட்டரை ஒருவரே வாங்கினாலும், ஓட ஆரம்பித்ததும் அது தெருவின் சொத்தாகிவிடுகிறது. அது பிடிக்காதவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது.

ஆபத்திலும் இரண்டும் சமமில்லை. பேட்டரி அறையில் காற்றோட்டம் இருந்து, டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை. ஜெனரேட்டர் ஆளைக் கொல்லும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மழையில் நனையக் கூடாதென்று தாழ்வாரத்திலோ சமையலறைக்குப் பின்னாலோ வைத்து ஓட்டினால், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். 2020-இல் அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கிய லாரா புயலில், காற்றுக்குத் தப்பிய பலர் அடுத்த நாட்களில் ஜெனரேட்டர் புகையில் இறந்தார்கள். இன்னொன்று, இருபுறமும் பின் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் கரண்டு கொடுக்கும் வழக்கம். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்டு மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அங்கே இருக்கிறார். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இதைச் செய்கிறவரைத் தெருக்காரர்களே தடுக்க வேண்டும்.

பராமரிப்பில் இன்வெர்ட்டருக்கு ஒரு இயல்பான அனுகூலம் உண்டு. வாரம் ஒருமுறையாவது கரண்டு போய், அது தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஜெனரேட்டர் நான்கைந்து வருடம் கோணிச்சாக்கு போர்த்திய நிலையில் கிடக்கும். உள்ளே விட்ட பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகக் கெட்டிப்படும். அடுத்த புயலன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும். ஓட்டாதபோது டேங்கை வடித்துவிட வேண்டும். புரட்டாசி கடைசியில் புதுப் பெட்ரோல் விட்டு, லோடு கொடுத்து அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டால் பருவமழையைத் தைரியமாக எதிர்பார்க்கலாம்.

சென்னைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. 2016 டிசம்பர் 12-இன் வர்தா கஜாவைப்போலக் காற்றுப் புயல். மரமும் கம்பமும் விழுந்தன. 2023 டிசம்பரின் மிக்ஜாம் வெள்ளப் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் வடியாமல் கரண்டு கொடுக்க முடியவில்லை. தரைத்தள வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டருக்கும், அடித்தளத்தில் இருக்கும் அடுக்ககத்து டீசல் ஜெனரேட்டருக்கும் ஒரே எமன். அங்கே எதை வாங்குவது என்பதைவிட எந்த உயரத்தில் வைப்பது என்பதே கேள்வி. மொட்டை மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மானியத்தில் போடும் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் வகை, வெளியே கரண்டு போனால் தானும் நின்றுவிடும். லைன்மேனைக் காப்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

டெல்டாவில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இன்வெர்ட்டரை வீட்டுக்கு வீடு வையுங்கள், ஜெனரேட்டரை ஐந்து வீட்டுக்கு ஒன்றாகச் சேர்ந்து வாங்குங்கள். சண்டை வரும், தெரியும். யார் வீட்டில் வைப்பது, யார் பெட்ரோல் போடுவது, கயிறு அறுந்தால் யார் செலவு என்று. வீட்டுக்குள் ஒயரிங்கைத் தொடாமல், ஐந்து வீட்டு மோட்டார் ஸ்டார்டருக்கும் மட்டும் ஆளுக்கொரு சேஞ்ச்ஓவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொண்டால் சண்டையில் பாதி குறையும். தள்ளுவண்டியில் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்கு அரைமணி நேரம் தொட்டி நிரப்பலாம். அவரவர் வீட்டில் ஓடும் நேரத்துக்கு அவரவர் பெட்ரோல்.