பார்க்காமலே வரைந்த சென்னை

போன மாதம் ஜெயமங்கலம் போயிருந்தபோது அப்பா ஒரு நோட்டீஸை நீட்டினார். பெரியகுளம் பக்கம் வரப்போகும் ஒரு மனைப்பிரிவு. அகலமான சாலை, பூங்கா, பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை. "ஒண்ணு வாங்கிப் போடலாமாடா?" என்றார். மறுநாள் பைக்கில் போய்ப் பார்த்தோம். மலை மட்டும்தான் நிஜம். மற்றபடி கல் ஊன்றிய தரிசு, அதில் மேயும் ஆடுகள். படத்தில் ஆடுகள் இல்லை.

இந்த வித்தை எவ்வளவு பழசு என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

1493-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஒரு உலக வரலாற்று நூல் அச்சானது. அதில் சுமார் 1,800 படங்கள். ஆனால் அவற்றுக்குச் செதுக்கிய மரக்கட்டைகள் 645 மட்டுமே. அதாவது ஒரே கட்டையை வேறு வேறு ஊர்ப் பெயர்களின் கீழ் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். நாங்கள் கோடு எழுதும்போது செய்கிற காப்பி பேஸ்ட்தான். மதில், கோபுரம், வாசல் மூன்றும் இருந்தால் அது நகரம். வாசகருக்கு அது போதுமானதாக இருந்தது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி, லண்டனில் தன் இயக்குநர்கள் கூடும் அறைக்கு ஆறு ஓவியங்கள் வரையச் சொன்னது. சென்னை ஜார்ஜ் கோட்டை, கல்கத்தா, பம்பாய், தலச்சேரி, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை. நிலத்தை வரைந்தவர் ஜார்ஜ் லாம்பெர்ட், கப்பல்களை வரைந்தவர் சாமுவேல் ஸ்காட். இருவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! இந்த ஓவியங்கள் பிறகு அச்சுப்படங்களாகப் பரவின. 1754-ல் யான் வான் ரைன் என்ற டச்சுக்காரரும் லண்டனில் இதே பாணியில் ஜார்ஜ் கோட்டையை அச்சிட்டார். முன்னால் கம்பீரமான கப்பல்கள், பின்னால் கோட்டை மதில், புனித மேரி தேவாலயம்.

பார்வையாளர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். கடலில், கப்பலில். ஊரை நோக்கி வரும் முதலாளியின் கண் அது. சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. நடுக்கடலில் நங்கூரமிட்டு, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்துதான் கரை சேர வேண்டும்.

இன்னொன்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியை அவர்கள் இடித்தார்கள். மீதியை, பீரங்கிக்கு மறைப்பில்லாத வெட்டவெளி வேண்டும் என்று 1750களில் ஆங்கிலேயரே இடித்தார்கள். அங்கிருந்த சென்னகேசவர் கோவிலும் போனது. இன்று பூக்கடை அருகே இருப்பது பிறகு மாற்று இடத்தில் கட்டியது. இடித்த இடத்தில் இப்போது உயர் நீதிமன்றம். ஆக, லண்டன்காரர் சுவரில் மாட்டி ரசித்த காலத்தில், ஊரின் பாதி மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது. படத்தில் கோட்டைக் கொடிக்கு ஒரு குறையும் இல்லை.

நேரில் வந்து வரைந்தவர்களும் உண்டு. தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792-ல் தெற்கே மதுரை வரை வந்தார்கள். ஒளிப்பெட்டி வைத்து விளிம்புகளைத் துல்லியமாக வரைந்தார்கள். ஆனால் அவர்கள் மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாட்டையும் அச்சிட்டார்கள். சென்னையிலோ வெள்ளைத் தூண்கள் பளபளக்கும் அரசு மாளிகை. கோடு பொய் சொல்லவில்லைதான். எதை வரைவது என்ற தேர்வு, பழைய அரசுகள் சிதைந்தன, கம்பெனி ஊர்கள் எழுந்தன என்று சொல்லாமல் சொன்னது.

இதனால் பழைய அச்சுப்படங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கட்டிடங்களுக்கு அவை அரிய சாட்சி. ஆனால் யார் காசு கொடுத்தார்கள், யார் வீடு விடுபட்டது என்று கேட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்பா மனை வாங்கவில்லை. ஆடு மேய்த்தவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றார். அதுவும் நோட்டீஸில் இல்லை.